நக்கவாரத் தீவுகளின் பறவைகள்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தைச் சார்ந்த ஊரினர்க்குத் தீவு என்பது அறியாத பொருளன்று. தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் நடுவில் நாணலும் கோரையும் மண்டிய மணல்திட்டுகளை அவர்கள் கண்டிருப்பர். ஆற்றின் இடையே அமைந்த நிலத்தை ஆற்றிடைக்குறை என்றும், துருத்தி என்றும், அரங்கம் என்றும் தமிழர் பெயரிட்டு வழங்கினர். காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கமும் அத்தகைய ஒரு தீவே ஆகும்.

ஆயின், இத்தீவுகளில் வாழும் கொக்கும் மீன்கொத்தியும் காகமும் கரையில் வாழ்பவையே. காலையில் திட்டில் இரைதேடும் நாரை மாலையில் கரையிலுள்ள மரத்தில் அடைகின்றது. எனவே ஆற்றுத் தீவிற்கென்று தனியே ஒரு பறவையினம் தோன்ற வழியில்லை. நடுக்கடல் தீவின் நிலையோ முற்றிலும் வேறானது. அங்கே பறவைக்கு மறுகரை என ஒன்று இல்லை. அந்நிலை பறவையை எவ்வாறு மாற்றியது, எத்தகைய அருமையை அதற்கு அளித்தது, எத்தகைய ஆபத்தில் அதனை நிறுத்தியுள்ளது என்பவற்றை நக்கவாரம் எனப்படும் நிக்கோபார்த் தீவுகளின் பறவைகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அருகே அமைந்த அந்தமான் தீவுக்கூட்டமும் தேவையான இடங்களில் எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

நக்கவாரமும் தமிழகமும்

எங்கோ கிடக்கும் தீவுகளைப் பற்றி நாம் ஏன் எண்ணவேண்டும் என்னும் வினா எழலாம். விடை நம் மாவட்டத்திலேயே உள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ஏறத்தாழ கி.பி. 1025-ஆம் ஆண்டில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறுமிடத்தில் மாநக்கவாரத்தையும் அவன் வென்ற இடங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றது. இம்மாநக்கவாரமே இன்றைய நிக்கோபார் என்பது வரலாற்றறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். மணிமேகலையில் வணிகன் சாதுவன் மரக்கலம் கவிழ்ந்து நக்கசாரணர் வாழும் நிலத்தில் ஒதுங்கியதாக வரும் பகுதியையும் இத்தீவுகளோடு இணைத்து எண்ணுவார் உளர்.

அரபு நாட்டுக் கடலோடிகளும் இவ்வழியை நன்கு அறிந்திருந்தனர். கி.பி. 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபுப் பயணநூல் ஒன்று லங்கபாலூஸ் என்னும் பெயரால் இத்தீவுகளைச் சுட்டுகின்றது. சீனத்திற்குச் செல்லும் கலங்கள் அங்கே தங்கிச் சென்றன. பின்னாளில் தமிழர் வாழ்வும் அங்கே வேரூன்றியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே நக்கவாரம் நமக்கு அயல்நிலம் அன்று. நம் கல்வெட்டிலும் காப்பிய ஆராய்ச்சியிலும் இடம்பெற்ற நிலமேயாகும். ஆனால் அந்நிலத்தின் பறவைகளை நாம் அறிந்தோமில்லை.

தீவு எவ்வாறு தனியினத்தை உருவாக்குகின்றது

புயலில் அடிபட்டோ வழிதவறியோ சில பறவைகள் ஒரு தீவை அடைகின்றன எனக் கொள்வோம். பெருநிலத்திலுள்ள தம் இனத்தோடு அவை மீண்டும் கலப்பதில்லை. தீவில் கிடைக்கும் உணவு, மரம், தட்பவெப்பம் ஆகியவற்றிற்குப் பொருந்திய குஞ்சுகளே பிழைத்து மேலும் பெருகுகின்றன. பல்லாயிரம் தலைமுறைகள் கழிந்தபின், அலகிலும் நிறத்திலும் குரலிலும் உடலளவிலும் மாறுபட்டு அவை புதிய இனமாகவே ஆகிவிடுகின்றன. கலாபகசுத் தீவுகளில் 1835-ஆம் ஆண்டில் சார்லசு டார்வின் சேகரித்த குருவிகள் இவ்வுண்மையை விளக்கப் பெரிதும் துணைபுரிந்தன.

தீவின் பரப்பும் தொலைவும் அங்கு வாழும் இனங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன என்பதனை மக்கார்தர், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் 1967-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். சிறிய தீவில் இனங்கள் குறைவு. பெருநிலத்தினின்று தொலைவிலுள்ள தீவில் இன்னும் குறைவு. எனினும் அத்தொலைவே அங்குள்ளவற்றைத் தனித்தன்மை உடையனவாக ஆக்குகின்றது.

நக்கவாரத் தீவுகளைப் பத்துப் பாகைக் கால்வாய் என்னும் ஆழ்ந்த கடற்பகுதி அந்தமானினின்று பிரிக்கின்றது. தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபார் சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. சுமத்திராவுக்கோ மிக அண்மையது. ஆகவேதான் அதன் காடும் பறவைகளும் இந்தியப் பெருநிலத்தை ஒவ்வாமல் தென்கிழக்காசியத் தீவுகளை ஒத்திருக்கின்றன. அந்தமான், நிக்கோபார் என்னும் இரு தீவுக்கூட்டங்களிலும் உலகின் வேறெங்கும் காணப்படாத பறவையினங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. நிக்கோபார்க் கிளி, நிக்கோபார்ச் சின்னான், பெரிய நிக்கோபாரின் பாம்புண்ணிக் கழுகு முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

தீவு வாழ்வு பறவைக்கு மற்றொரு பண்பையும் தருகின்றது. கொன்றுண்ணும் பாலூட்டி விலங்குகள் இல்லாத இடத்தில் அச்சம் தேவையற்றதாகின்றது. சில இனங்கள் பறத்தலையே மறந்தன. பல இனங்கள் தரையில் கூடுகட்டின. முட்டைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பகையில்லாத நிலத்தில் இவை குறைபாடுகள் அல்ல. பகை வந்து சேரும் நாளிலேயே இவை குறைபாடுகளாகின்றன.

மேட்டுக்கோழி: மண்ணையே தாயாக்கிய பறவை

நக்கவாரத்தின் பறவைகளுள் தலைமையாக எடுத்துரைக்கத்தக்கது நிக்கோபார் மெகபோடு என்பதாகும். மெகபோடு என்னும் சொல்லுக்குப் பெரும்பாதம் உடையது என்பது பொருள். நாம் இதனை மேட்டுக்கோழி என வழங்கலாம். பழுப்பு நிறமும், கண்ணைச் சூழ்ந்த செந்நிறத் தோலும், வலிமை வாய்ந்த கால்களும் உடைய இது பார்வைக்கு ஒரு நாட்டுக்கோழி போன்றதே. இதன் உறவினங்கள் இந்தோனேசியா, பிலிப்பைன்சு, நியூகினி, ஆத்திரேலியா ஆகிய இடங்களில் வாழ்கின்றன. அக்குடும்பத்தின் மேற்கெல்லையில் தனித்து நிற்பது நக்கவாரத்துக் கோழியே.

பறவை என்றால் முட்டையிட்டு அடைகாக்கும் என்பது நாம் அறிந்த முறைமை. மேட்டுக்கோழி அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில், மணலையும் மண்ணையும் உதிர்ந்த இலைகளையும் கால்களால் பின்னோக்கி வாரி எறிந்து ஒரு மேட்டை எழுப்புகின்றது. ஒரே மேடு பல ஆண்டுகள் பயன்படுவதால் மேன்மேலும் வளர்ந்து மனிதனின் இடுப்பளவிற்கும் உயர்வதுண்டு. அம்மேட்டினுள் குழிதோண்டி முட்டையிட்டு மூடிவிடுகின்றது. இலைதழைகள் மட்கும்போது பிறக்கும் வெப்பமே முட்டையைப் பொரிக்கின்றது. நம் உழவர் எருக்குழியைக் கிளறும்போது உள்ளிருந்து எழும் சூட்டை எண்ணிப் பார்த்தால் இவ்விந்தை எளிதில் விளங்கும்.

கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவருகின்றது. மேட்டுக்கோழியின் குஞ்சுக்கு இரண்டு மாதங்களுக்கு மேலாகின்றது. அதற்கேற்பத் தாயின் உடலளவை நோக்க முட்டை மிகப் பெரியதாகவும் கருவுணவு மிகுந்ததாகவும் அமைந்துள்ளது. பொரித்த குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வருகின்றது. தாயும் தந்தையும் அதனை எதிர்நோக்கி நிற்பதில்லை, இரை ஊட்டுவதுமில்லை. வெளிவந்த சிறிது காலத்திலேயே அது தானே ஓடவும் பறக்கவும் இரைதேடவும் வல்லதாகின்றது.

இத்தகைய வாழ்வுக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று, தோண்டுதற்கு எளிய மணற்பாங்கான மண். மற்றொன்று, அம்மண்ணின்மேல் இலை உதிர்க்கும் காடு. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடம் அலைக்கும் காட்டிற்கும் இடைப்பட்ட குறுகிய கரைப்பகுதியாகும். மேடுகளிற் பெரும்பான்மை கடலோரத்தை ஒட்டியே அமைவதன் காரணம் இதுவே. தீவு முழுவதும் காடாயினும், இப்பறவைக்குப் பயன்படும் நிலம் அத்தீவின் விளிம்பு மட்டுமே என்பதனை நாம் கருத்தில் இருத்தவேண்டும். மனிதர் ஊரும் தோப்பும் துறையும் அமைக்க விரும்பும் நிலமும் அவ்விளிம்பே ஆகும்.

நிக்கோபார்ப் புறாவும் டோடோவும்

நக்கவாரத்தின் பெயரைத் தாங்கிய மற்றொரு பறவை நிக்கோபார்ப் புறா. பச்சையும் செம்பும் கலந்து ஒளிரும் உடலும், கழுத்தைச் சூழ்ந்து தொங்கும் நீண்ட இறகுகளும், வெண்ணிறமான குட்டை வாலும் இதன் அடையாளங்கள். கூட்டமாகத் தீவுவிட்டுத் தீவு பறந்து, தரையில் விழுந்த பழங்களையும் கடினமான விதைகளையும் உண்கின்றது. ஆளரவமற்ற சிறு தீவுகளில் கூடுகட்டும் இயல்புடையது. பட்டிமால்வு என்னும் சிறுதீவு அதற்குப் பெயர்பெற்ற இனப்பெருக்க இடமாகும்.

இப்புறாவின் உறவுமுறையை 2002-இல் வெளியான மரபணு ஆய்வொன்று வெளிப்படுத்தியது. இன்று வாழும் பறவைகளுள் டோடோவிற்கு மிக நெருங்கிய உறவுடையது நிக்கோபார்ப் புறாவே என அவ்வாய்வு காட்டிற்று. டோடோ மொரிசியசுத் தீவில் வாழ்ந்த, பறக்கவியலாத பெரும்புறா வகை. 1598-இல் டச்சுக்காரர் அத்தீவில் இறங்கினர். அவர்களோடு வந்த பன்றிகளும் எலிகளும் குரங்குகளும் தரையிலிருந்த முட்டைகளை அழித்தன, காடும் வெட்டப்பட்டது. 1662-ஆம் ஆண்டிற்குப் பின் டோடோவைக் கண்டதாக ஐயமற்ற சான்று இல்லை. மனிதன் குடியேறி நூறாண்டு நிறைவதற்குள் ஓர் இனம் மறைந்துபோயிற்று. முகலாயப் பேரரசர் சகாங்கீரின் அவையில் உயிருள்ள டோடோ ஒன்றைக் கண்டு வரையப்பட்டதாகக் கருதப்படும் ஓவியம் எஞ்சியுள்ளது. அதனை உசுதாத் மன்சூரின் படைப்பு என்பர். பறவை போயிற்று, ஓவியம் நிலைத்தது.

டோடோவின் கதை தனித்த ஒன்றன்று. 1500-ஆம் ஆண்டிற்குப் பின் உலகில் அழிந்த பறவையினங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தீவுகளில் வாழ்ந்தவை. பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் இரண்டாம் உலகப்போரை ஒட்டிச் சரக்குகளோடு வந்துசேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அத்தீவின் காட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவற்றைச் சில பத்தாண்டுகளில் இல்லாமற் செய்துவிட்டது. அங்குப் பறவைகளை அழிக்கப் படையோ துப்பாக்கியோ தேவைப்படவில்லை. சரக்குப் பெட்டியில் ஒளிந்துவந்த ஓர் உயிரே போதுமானதாயிற்று.

ஆய்ந்தோர் பணி

நக்கவாரப் பறவைகளைப் பற்றிய நம் அறிவு ஒருநாளில் வந்ததன்று. இந்தியப் பறவையியலின் முன்னோடியாகிய சாலிம் அலி (1896–1987), 1941-இல் வெளியிட்ட தம் நூலால் பறவை நோக்கலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார். அவர் காலத்தவரான உமாயூன் அப்துல் அலி (1914–2001) அந்தமான், நிக்கோபார்த் தீவுகளுக்குப் பன்முறை சென்று பறவைகளைச் சேகரித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார்.

அவர் பணியின் பயனை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடலாம். பெரிய நிக்கோபாரின் காம்பல் விரிகுடாப் பகுதியில் 1966-லும் 1977-லும் இரு சிற்றாந்தைகள் சேகரிக்கப்பட்டன. அவை அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. 1998-இல் பமேலா ராசுமுசென் என்னும் அறிஞர் அவற்றை நுணுகி ஆராய்ந்து, அவை அதுவரை பெயரிடப்படாத புதிய இனம் என நிறுவினார். அதுவே நிக்கோபார்ச் சிற்றாந்தை. 2011-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் பெரிய நிக்கோபாரில் அதற்குமுன் அறியப்படாத காணாங்கோழி ஒன்றைக் கண்டு படமெடுத்தனர். ஆகவே அத்தீவில் என்னென்ன உள்ளன என்னும் பட்டியலே இன்னும் முற்றுப்பெறவில்லை எனலாம்.

நம் மாநிலத்தின் பங்கும் இதில் உண்டு. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் சாலிம் அலி பெயரால் தொடங்கப்பெற்ற பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த இரவி சங்கரன், 1990-களில் நக்கவாரத் தீவுகளைச் சுற்றிக் கரையோரமாக நடந்து மேட்டுக்கோழியின் மேடுகளை எண்ணினார். பின்னர் அம்மையத்தின் இயக்குநராகவும் விளங்கிய அவர் 2009-இல் காலமானார். அவர் எடுத்த அக்கணக்கின் அருமை 2004-ஆம் ஆண்டிற்குப் பின்னரே முழுமையாக விளங்கிற்று.

ஆழிப்பேரலை எழுதிய கணக்கு

2004 திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏற்படுத்திய துயரை நாம் அறிவோம். நக்கவாரம் நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகிலிருந்தது. அங்கே ஊர்கள் பல அடியோடு அழிந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். நிலமும் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்கியது. அதுவரை கரையாக இருந்த பகுதி நிலையாகவே கடலாயிற்று.

மேட்டுக்கோழி வாழ்ந்த விளிம்பும் அதுவே என்பதை முன்னர்க் கண்டோம். 2006-இல் எடுத்த கணக்கின்படி கரையோரப் பகுதிகளில் எஞ்சியவை ஏறத்தாழ 800 இணைகள். பத்தாண்டுக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட இது 70 விழுக்காடு வீழ்ச்சியாகும். இப்பறவையின் பெயராலேயே சரணாலயமாக விளங்கிய மெகபோடுத் தீவு கடலுள் மூழ்கிற்று. சங்கரன் எடுத்த முன்கணக்கு இல்லாதிருப்பின், இழந்தது எவ்வளவு என்பதைக்கூட எவரும் கூறியிருக்க இயலாது. எண்ணி எழுதிவைத்தல் எத்துணை இன்றியமையாத பணி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பேரலையை எவரும் தடுத்திருக்க முடியாது. நெடுங்காலமாகவே கடல் சில முறை சீறியிருக்கக்கூடும். அப்போதும் இவ்வினம் பிழைத்து வந்துள்ளது. அலை அழித்த கரைக்கு அப்பால் புதிய கரையும் புதிய காடும் தோன்றும் வரை, அழியாத சில கரைகளில் சில இணைகள் எஞ்சியிருந்தமையே அதற்குக் காரணம். எனவே எஞ்சிய கரைகளைக் காப்பதே மீட்சிக்கு வழி.

மீட்சிக்குச் சான்றுகள்

தீவுப் பறவைகளின் வரலாறு அழிவின் வரலாறு மட்டுமன்று. அந்தமான் கடலிலுள்ள நார்கொண்டம் தீவு இதற்குச் சான்று. எரிமலையால் உருவான இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர கிலோமீட்டர் மட்டுமே. இங்கு வாழும் நார்கொண்டம் இருவாசி உலகில் வேறெங்கும் இல்லை. இருவாசிக் குடும்பத்தின் வழக்கப்படி பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை சிறு பிளவின் வழியே பழங்களை ஊட்டுகின்றது. பெரிய மரம் இல்லையேல் பொந்து இல்லை. பொந்து இல்லையேல் குஞ்சு இல்லை.

1969-இல் அத்தீவில் காவல்துறைப் புறக்காவல் நிலையம் அமைந்தது. பின்னர் 1976-இல் வெள்ளாடுகள் கொண்டுவிடப்பட்டன. அவை பெருகி மரக்கன்றுகளை மேய்ந்தமையால் காடு புதுப்பிக்கப்படுவது தடைப்பட்டது, வேட்டையும் நிகழ்ந்தது. 1972-இல் சென்ற ஆய்வாளர் அங்கிருந்த இருவாசிகள் ஏறத்தாழ 400 என மதிப்பிட்டனர். ஆடுகள் அகற்றப்பட்டு, வேட்டையும் அடங்கியபின், 2020-ஐ ஒட்டி நடந்த ஆய்வு ஏறத்தாழ 1,000 பறவைகள் உள்ளதாக மதிப்பிட்டது. எண்ணும் முறைகள் வேறுபடுமாயினும், அச்சிறு தீவு இருவாசிகளால் நிறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

மற்றொரு சான்று உண்கூட்டு உழவாரன். தன் உமிழ்நீராலேயே குகைச் சுவரில் கூடுகட்டும் இச்சிறு பறவையின் கூடு, சீன உணவு வணிகத்தில் பெருவிலை பெறுவது. முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூடுகள் பறிக்கப்பட்டமையால் இவ்வினம் விரைந்து குறைந்தது. சங்கரனும் வனத்துறையும் மேற்கொண்ட திட்டத்தில், கூடு பறித்தவர்களே குகைக் காவலராக அமர்த்தப்பட்டனர். குஞ்சு பறந்தபின் கைவிடப்பட்ட கூட்டை எடுத்தால் பறவையும் வாழும், எடுப்பவரும் வாழ்வர் என்பதே அதன் அடிப்படை. காவல் இருந்த குகைகளில் பறவைகள் மீண்டும் பெருகின. எளிய மக்களைப் பகைவராகக் கொள்ளாது துணைவராகக் கொண்டமையே இதன் சிறப்பு.

கலாத்தியா விரிகுடா எழுப்பும் வினா

இன்று நக்கவாரத்தின் முன்னுள்ள வினா இவற்றினும் பெரியது. பெரிய நிக்கோபாரின் தென்பகுதியிலுள்ள கலாத்தியா விரிகுடா மேட்டுக்கோழியும் பேராமையும் முட்டையிடும் கரையாகும். அங்கிருந்த வனவிலங்குச் சரணாலய அறிவிப்பு 2021-இல் விலக்கப்பட்டது. சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவை அடங்கிய பெருந்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டு நிலம் இத்திட்டத்திற்கு ஒதுக்கப்படுகின்றது. உலகக் கடல் வணிகத்தின் பெருவழி அருகே செல்வதும், நாட்டின் பாதுகாப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மெஞ்சால் என்னும் சிறுதீவை மேட்டுக்கோழிக்கான சரணாலயமாக்கும் ஏற்பாடும் உடன் முன்வைக்கப்பட்டது.

வணிகமும் பாதுகாப்பும் வேண்டாதன என்று நாம் கூறவில்லை. சோழர் காலத்திலேயே அக்கடல்வழியின் அருமையை உணர்ந்த நாடு இது. ஆயின், ஓர் இனத்தின் இருப்பிடத்திற்கு ஈடாக மற்றோரிடத்தை அளிக்கும்போது, அவ்விடத்தில் தகுந்த மண்ணும் உதிரும் இலையும் விரிந்த கரையும் உண்டா என்று பார்த்தல் வேண்டும். பல கரைகளில் பரவி வாழ்ந்தமையாலேயே இவ்வினம் பேரலையில் முற்றும் அழியாது பிழைத்தது. ஓரிரு சிறு தீவுகளில் அது ஒடுங்குமாயின், அடுத்த பேரலைக்கு முன் அதன் நிலை என்னாகும் என்பதே நம் வினா. கப்பலோடு வந்திறங்கும் எலியும் நாயும் பூனையும் தரையில் முட்டையிடும் பறவைக்கு இழைக்கும் தீங்கையும் மொரிசியசும் குவாமும் நமக்கு முன்னரே உணர்த்தியுள்ளன. இத்தீவின் காட்டில் வாழும் சோம்பென் மக்களும், கரையோர வாழ்வினரான நிக்கோபாரியரும் அந்நிலத்தைப் பன்னெடுங்காலம் அழிக்காமல் பேணியவர்கள். அவர்தம் கருத்தும் இவ்வாராய்ச்சியில் இடம்பெறுதல் முறையாகும்.

கரைவெட்டியும் நக்கவாரமும்

இவ்வுண்மையை நம் மாவட்டத்துப் பறவைகளோடு ஒப்பிட்டு நோக்கினால் மேலும் தெளிவு பிறக்கும். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 சனவரியில் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 454 எக்டேர் பரப்புடைய இவ்வேரியில் 198 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. இமயத்தைக் கடந்துவரும் பட்டைத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை, குள்ளத்தாரா முதலியன இங்குக் குறிப்பிடத்தக்கவை.

கரைவெட்டி உழவர் தோண்டிக் கரையிட்டுக் காத்த நீர்நிலை. வறண்ட நிலத்தின் நடுவே அமைந்த நீர்த்தீவு என்றே அதனைக் கூறலாம். மழை பொய்த்து ஏரி வற்றிய ஆண்டில் வாத்துகள் வேறு ஏரியை நாடுகின்றன. மறு ஆண்டு நீர் நிறைந்தால் மீள்கின்றன. தமிழ்ப் புலவர் கண்ட பறவையும் இத்தகையதே. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதாக விடுத்தார் எனில், ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லும் அதன் இயல்பை அவர் அறிந்திருந்தார் என்பது பொருள்.

நக்கவாரத்து மேட்டுக்கோழி தூது செல்லும் பறவையன்று. அதன் கரை போனால் நாடிச்செல்ல மற்றொரு நாடு அதற்கில்லை. வலசைப் பறவைக்கு ஏரிகளின் தொடர் வேண்டும். ஓர் ஏரி கெட்டால் தொடரில் ஒரு கண்ணி அறுகின்றது. தீவுப் பறவைக்கோ இருப்பதே ஒரு கண்ணிதான். எனினும் ஏரிகளும் ஒவ்வொன்றாகத் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போனால், எஞ்சிய ஏரி கடல் நடுவே நிற்கும் தீவின் நிலையையே அடையும். அப்போது வலசைப் பறவையும் தீவுப் பறவையின் இடர்ப்பாட்டிற்கு உள்ளாகும். நக்கவாரத்தின் பாடம் அரியலூருக்கும் உரியது என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. கடலால் பிரிக்கப்பட்ட தனிமை தீவுப் பறவைக்குத் தனித்தன்மையை அளித்தது. அத்தனிமையே அதனை மாற்றிடம் அற்றதாகவும் ஆக்கியது. அழிவு பெரும்பாலும் மனிதனோடு வந்த உயிர்களாலும், கரையையும் காட்டையும் இழப்பதாலும் நேர்ந்தது. காவலும் பொறுமையும் இருந்த இடத்தில் மீட்சியும் கிட்டியது.

மாணவர்கள் செய்யத்தக்க பணிகள் உள்ளன. தத்தம் ஊர் ஏரியிலும் கொள்ளிடக் கரையிலும் காணும் பறவைகளை நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்து எழுதிவைக்கலாம். கரையோர ஊர்களின் முதியோர் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தல் தமிழ்த் துறைக்கே உரிய பணியாகும். பெயர் மறைந்தபின் பறவை மறைந்ததை உணர்வாரும் குறைவர். ஆசிரியர்கள் அத்தொகுப்புகளை ஆண்டுதோறும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஊர்ப் பெரியோர் ஏரியின் வரத்துக்கால் அடைபடாமலும் கரை மரங்கள் வெட்டப்படாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

நக்கவாரத்தின் பெயரை நம் முன்னோர் மெய்க்கீர்த்தியில் எழுதிவைத்தனர். அவர்கள் அதனை வென்ற நிலமாகக் குறித்தனர். நாம் அதனைக் காக்கவேண்டிய நிலமாகக் குறிப்போம். அதன் பறவைகளைப் பற்றி வகுப்பறையில் பேசுவதும், அவற்றின் நிலையை அறிந்து பொதுமேடையில் வினவுவதும் அப்பணியின் தொடக்கமாக அமையும்.